இடது ஓரத்துல நிக்கிறவங்க

அன்னைக்குக் காலையில சித்தியைக் காணோம்.

வீட்டுல காணாமப் போகல. வீட்டுல சித்தி கணீர்னுதான் இருந்தாங்க. பாத்ரூம் கதவைத் தட்டி, "உள்ள என்னடி, முட்டையா அடைகாக்குற?"ன்னு கத்தி, அப்புறம் ஒரே பஸ்ல பக்கத்துல உக்காந்து தோள்ல தலையைச் சாய்ச்சுத் தூங்கி, ஹோட்டலோட பின்வாசல்ல இறங்கி, "மதியம் சாப்பிட மறந்துடாத, கம்ப்யூட்டரு உனக்கு ஊட்டிவிடாது"ன்னு சொல்லிட்டு சலவைக்கூடத்துக்குள்ள போனவங்கதான். காணாமப் போனது ஸ்க்ரீன்ல.

சுண்டெலிக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள நுழைஞ்சதும் பையைக் கூட கழட்டாம, நின்னுக்கிட்டே, டெர்மினல்ல, அதான் எழுத்து மட்டும் வர்ற அந்தக் கருப்புத் திரையில, 'மரம்'னு அடிச்சு என்டரைத் தட்டுவா. உடனே ஹோட்டல்ல யாருக்குக் கீழ யாருன்னு மொத்தப் பேரும் கோடு கோடா, கிளை கிளையா சரசரன்னு இறங்கும். கடைசிக் கிளை சலவை. அதுலயும் கடைசிப் பேரு சித்தியோடது. டெர்மினலோட குணமே அப்படித்தானே, முதல்ல வந்தது மேல ஓடி மறைஞ்சுடும், கடைசியா வந்தது கண்ணு முன்னால நிக்கும். உச்சியில இருக்குற எம்.டி. மேடம் என்னதான் பெரிய ஆளா இருந்தாலும் கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள திரைக்கு மேல போயே போயிடுவாங்க. சித்தி நிப்பாங்க. சித்தி பேருக்குக் கீழ கர்சர் மினுக் மினுக்குன்னு கண்ணடிக்கும். அதுக்கு ஒரு சல்யூட் அடிச்சு "குட் மார்னிங் சித்தி"ன்னு சொன்னாத்தான் சுண்டெலிக்கு நாளே தொடங்கும். இத்தனைக்கும் அப்பத்தான் அஞ்சு நிமிஷம் முன்னாடி அதே சித்திகிட்ட திட்டு வாங்கிட்டு வந்திருப்பா.

அன்னைக்குக் கர்சருக்கு மேல நின்னது தோட்டக்காரர்.

கையை நெத்திக்குக் கொண்டுபோனவ அப்படியே நிறுத்திட்டா. மறுபடி ஓட்டினா. மறுபடியும் தோட்டக்காரர். சலவைன்னு ஒரு கிளையே இல்ல. வெட்டின தடம் கூட இல்ல, முதல்ல இருந்தே இல்லாத மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு மரம்.

சுண்டெலின்னா நிஜப் பேரு இல்லைங்க. ஆளு சின்னதா இருப்பா, ஒரு இடத்துல நிக்கமாட்டா, எதையாவது கொறிச்சுக்கிட்டே இருப்பா, அதனால ஒட்டிக்கிட்ட பேரு. இதுல வேடிக்கை என்னன்னா அவ மவுஸைத் தொடவே மாட்டா. கீபோர்டு மட்டும்தான். அம்மா போனப்புறம் அவளை வளர்த்தது சித்தி. அந்த ஹோட்டல்ல வேலை காலியா இருக்குன்னு காதுல போட்டதும் சித்திதான். கம்ப்யூட்டர் ரூமும் சலவைக்கூடமும் அடித்தளத்துல பக்கத்துப் பக்கத்துல. நடுவுல ஒரே ஒரு சுவரு. இந்தப் பக்கம் மெஷினுக்காக ஏசி நடுங்க வைக்கும், அந்தப் பக்கம் நீராவி வேக வைக்கும். சுவத்துல கை வெச்சா இதமா இருக்கும். குளிர் தாங்காதப்ப அவ முதுகை அதுல சாய்ச்சுக்கிட்டுத்தான் புரோகிராம் எழுதுவா.

மரமும் அப்படி எழுதினதுதான். ஹோட்டல் காசு கொடுத்து வாங்கின பெரிய சாஃப்ட்வேரு ஒண்ணு இருக்கு, ஆள் விவரம் பார்க்க. அதைத் திறந்துவிட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் வளையம் சுத்திக்கிட்டே இருக்கும். சுண்டெலிக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். முதல்ல கட்டம் போட்டுப் பார்த்தா. நம்ம எழுத்துல கொம்பு, கால், சுழின்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அகலம் எடுத்துக்கிட்டு கட்டத்தைக் கோணல்மாணலா உடைச்சிருச்சு. மரமா போட்டா அந்தத் தொல்லை இல்ல. கோடெல்லாம் முன்னாடி, பேரு கடைசியில. பேரு எவ்வளவு குண்டா இருந்தாலும் யாரையும் இடிக்காது. இப்படி:

எம்.டி.
├── வரவேற்பு
├── சமையல்
└── பராமரிப்பு
    ├── தோட்டம்
    └── சலவை

ஒவ்வொண்ணுக்கும் கீழ ஆளுங்க பேரு. யாரு எவ்வளவு உள்ள தள்ளி நிக்கிறாங்களோ அவ்வளவு பேரு அவங்க தலைக்கு மேல உக்காந்திருக்காங்கன்னு அர்த்தம். மேடத்துக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. "பளிச்னு ஒரு செகண்ட்ல வருதே"ன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் எந்த மீட்டிங்னாலும் மரம்தான். சாஃப்ட்வேரு வாங்கினவங்க மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே.

இப்ப அந்த மரத்துலதான் ஒரு கிளை இல்ல. காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகல. போன வாரம் சலவை சூப்பர்வைசர் வேற ஹோட்டலுக்குத் தாவிட்டாரு. நேத்து சாயங்காலம்தான் அவரு பேரை ஆபீஸ்ல எடுத்திருக்காங்க. சரி, போனவரை எடுக்கத்தானே வேணும். ஆனா அவருக்குக் கீழ இருந்த அத்தனை பேருக்கும் 'உங்களுக்கு மேல யாரு'ங்கிற இடத்துல இன்னும் அவரு நம்பரே இருக்கு. சுண்டெலி எழுதின மரம் உச்சியில இருந்து கிளை பிடிச்சு கிளை இறங்கி வரும். வழியில கிடைக்கிறவங்கதான் ஆளு. நடுவுல ஒரு படி உடைஞ்சா கீழ நிக்கிறவங்க அதுக்குக் கண்ணுலயே படமாட்டாங்க. யாராவது விட்டுப்போச்சான்னு திரும்பிப் பார்க்குற புத்தி அதுக்கு இல்ல. அந்தப் புத்தியை அவ கொடுக்கல, அதான்.

பக்கத்து மேஜையில இருந்த கேபிள் எட்டிப் பார்த்தான். ஹோட்டல் முழுக்க ஒயரு இழுக்குறவன், எதுக்கும் பயப்படுறவன், அவ ஃப்ரெண்டு. "என்ன, காலங்காத்தால பேய் அறைஞ்ச மாதிரி இருக்க?"

"சித்தி இல்லடா."

"இப்பத்தானே என்னை 'ஏன்டா எருமை, வழியில நிக்கிற'ன்னு திட்டிட்டுப் போனாங்க?"

"அவங்க இருக்காங்க. பேருதான் இல்ல."

பேரை மாத்துற உரிமை ஆளெடுப்பு மேனேஜர்கிட்ட மட்டும்தான். இவளுக்குப் படிக்கலாம், காட்டலாம், அவ்வளவுதான். அதனால மாடியேறினா. மேனேஜரை ஹோட்டல்ல எல்லாரும் 'மடிப்பு'ன்னுதான் சொல்லுவாங்க. காலையில வந்தப்ப இருந்த மடிப்பு சாயங்காலம் வரைக்கும் அவரு சட்டையில கலையாது. உக்காரும்போது கூட சட்டையோட அனுமதி கேட்டுட்டு உக்காருற மாதிரி இருக்கும். குரலும் அதே மாதிரி இஸ்திரி போட்டது.

"சார், சலவை ஆளுங்க மரத்துல வரல. சூப்பர்வைசர் பேரை எடுத்தீங்கல்ல, அவரோட சேர்ந்து கீழ இருந்தவங்களும் விழுந்துட்டாங்க. நீங்க அவங்களை வேற யாருக்காவது கீழ மாத்திவிட்டீங்கன்னா போதும், சரியாயிடும்."

மடிப்பு சிரிச்சாரு. "அப்படியே இருக்கட்டும்மா."

சுண்டெலிக்குப் புரியல. நின்னா.

"இன்னைக்கு மதியம் மீட்டிங். புதுக் கட்டடத்துக்கு யார் யாரு போறாங்கன்னு மேடம் பார்க்கப்போறாங்க. உன் மரத்தை வெச்சுத்தான். அதுல இருக்குறவங்களுக்குத்தான் உள்ள வர்றதுக்குப் புது அடையாள கார்டு. துணி வேலையை வெளிக் கம்பெனிகிட்ட விட்டுடலாம்னு எனக்கு ரொம்ப நாளா யோசனை. ஆனா ஆளை அனுப்புறோம்னு சொன்னா மேடம் ஆயிரம் கேள்வி கேப்பாங்க. அப்புறம் அழுகை, கூச்சல். இப்ப பாரு, வலிக்காம பல்லு விழுந்த மாதிரி விழுந்திருக்கு. நாம யாரையும் அனுப்பல. இல்லாதவங்களை எப்படி அனுப்புறது?"

"இருக்காங்க சார். கீழதான் இருக்காங்க. இந்தச் சட்டையை நேத்து தேய்ச்சுக் கொடுத்ததே அவங்கதான்."

அவரு தன் சட்டையைக் குனிஞ்சு பார்க்கக் கூட இல்ல. "மரத்துல இல்லையே. நீ எழுதினதுதானே அது? அது சொல்லுது." அப்புறம் கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "நீயும் அதுல ஒரு இலைதாம்மா. மதியம் வந்து ஓட்டு. எப்படி வருதோ அப்படியே ஓட்டு."

படியிறங்குறப்ப அவளுக்குக் காது ரெண்டும் கொதிச்சுச்சு. கோபம் அவர்மேல பாதி, மரத்துமேல பாதி. அவ ராத்திரி பகலா தடவித் தடவி வளர்த்த புரோகிராமு, ஒரு கோடு கூட கோணக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்துச் செதுக்கினது, இப்ப போயி அந்த ஆளு பக்கம் சாட்சி சொல்லுது. உப்புத் தின்ன வீட்டுக்கே வெட்டு. அதுக்கு விவரம் தெரியாதுதான். ஆனா விவரம் தெரியாதவன் கையில கத்தியைக் கொடுத்தது யாரு?

சலவைக்கூடத்துக் கதவைத் திறந்ததும் மூஞ்சியில வெந்நீர்த்துணி போட்ட மாதிரி ஆவி அடிச்சுச்சு. மெஷினுங்க உருண்டுக்கிட்டிருந்துச்சு. சித்தியும் இன்னொரு அண்ணனும் ஒரு பெரிய விரிப்பை ஆளுக்கு ஒரு முனையில பிடிச்சு, ஒரு உதறு உதறி, ஒருத்தரை நோக்கி ஒருத்தர் நடந்து வந்து, முனையை முனையோட சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி சேர்ந்து மடிச்சுக்கிட்டிருந்தாங்க. வார்த்தையே இல்லாம. அந்த அண்ணனுக்கு 'ஆவி'ன்னு பேரு. எப்ப பார்த்தாலும் புகைக்குள்ள இருந்துதான் வெளிய வருவாரு.

சுண்டெலி எல்லாத்தையும் மூச்சுவிடாம சொல்லி முடிச்சா.

"நான் ஏற்கனவே ஆவிதான்"னாரு ஆவி. "எனக்கு இது பதவி உயர்வு."

நாலஞ்சு பேரு சிரிச்சாங்க. சித்தி சிரிக்கல. கையில இருந்த விரிப்பை மேஜைமேல பட்டுனு போட்டாங்க. "அதெப்படிடி? அந்த மனுஷன் வேலையை விட்டுப்போனா நாங்க எதுக்குக் காணாமப் போகணும்? எங்களையெல்லாம் பையில போட்டு எடுத்துட்டா போனாரு? அவரு போயி ஒரு வாரமாச்சு. எந்த ரூம்லயாவது அழுக்கு விரிப்பு கிடந்துச்சா? எவனாவது துண்டு இல்லன்னு கத்தினானா? எங்களுக்கு மேல இப்ப யாரும் இல்ல. யாரும் இல்லாமத்தான் எல்லாம் நடக்குது. போய்ச் சொல்லு உன் மரத்துக்கிட்ட!"

"அப்படிப் போடு"ன்னு யாரோ மெஷினுக்குப் பின்னாடி இருந்து கத்தினாங்க.

ஆனா சுண்டெலி வெளிய வந்ததும் சித்தி பின்னாலயே வந்தாங்க. கதவைச் சாத்தினாங்க. தாழ்வாரத்துல ஏசி பட்டு அவங்க கையில இருந்து ஆவி லேசா கிளம்பிச்சு. குரல் வேற மாதிரி ஆயிடுச்சு.

"இந்தா, நான் சொன்னேன்னு எதையும் செஞ்சு வைக்காத. உள்ள நாலு பேரு இருந்தாங்க, வாய் நீண்டுபோச்சு."

"சித்தி..."

"கேளு. நான் வேற எங்கயாவது போய்த் துணி மடிச்சுக்குவேன். அழுக்கு இல்லாத ஊரு எங்கயும் இல்ல. உனக்கு இப்பத்தான் ஒரு நாற்காலி கிடைச்சிருக்கு. பேசாம அந்த ஆளு சொன்னதை ஓட்டிட்டு வந்துடு."

"முடியாது."

"கழுதை. பிடிவாதத்தைப் பாரு."

"யாரு வளர்த்தது?"

சித்தி அவ கன்னத்துல ஈரக்கையை வெச்சு ஒரு அழுத்து அழுத்திட்டு, தள்ளிவிட்ட மாதிரியும் இல்லாம இழுத்த மாதிரியும் இல்லாம, உள்ள போயிட்டாங்க. கன்னத்துல சோப்பு வாசனை ஒட்டிக்கிச்சு.

நாற்காலியில உக்காந்து சுண்டெலி ரொம்ப நேரம் ஒரு எழுத்து கூட அடிக்கல. அவ வாழ்க்கையில அது ஒரு சாதனை. கேபிள் பயந்துபோயி தன் பிஸ்கட்டை நீட்டினான். அவ வாங்கல. அப்பத்தான் விஷயம் எவ்வளவு பெருசுன்னு அவனுக்கு உறைச்சுச்சு.

"ஒண்ணு செய்"னான். "பதிவுலதானே உன்னால கை வைக்க முடியாது? காட்டுறது உன் கையிலதானே? நீயே அவங்களைப் பராமரிப்பு தலைவருக்குக் கீழ ஒட்டிவிடு. பழையபடி தெரியும். யாரு கண்டுபிடிக்கப்போறா?"

"பொய்டா அது. அவங்க அவருக்குக் கீழ இருக்காங்கன்னு பதிவுல எங்கயும் இல்ல. மடிப்பு ஒரே போடுல என் கழுத்தைப் பிடிச்சிருவாரு. இந்தப் பொண்ணு சொந்தக்காரிக்காகக் கதை கட்டிட்டான்னு சொல்லுவாரு."

"அப்ப என்னதான் காட்டுவ?"

அவ சுவத்துல முதுகைச் சாய்ச்சா. அந்தப் பக்கம் மெஷின் உருள்றது முதுகெலும்புல வந்து தட்டுச்சு. எங்களுக்கு மேல இப்ப யாரும் இல்ல. சித்தி கோபத்துல சொன்னதுதான். ஆனா அச்சு அசலா அதுதான் பதிவுல இருக்கு, நம்பரு இருக்கு, அந்த நம்பர்ல ஆளு இல்ல. மேல யாரும் இல்ல. சரி, மேல யாரும் இல்லாதவங்களை ஒரு மரம் எங்க வைக்கும்? எம்.டி. மேடத்துக்கு மேலயும்தான் யாரும் இல்ல. அவங்களை எங்க வெச்சிருக்கு?

அவ சடார்னு நிமிர்ந்தா. விரலு கீபோர்டுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் கேபிள் எதுவும் கேக்கல, அந்தச் சத்தம் கேட்டா கேள்வி கேக்கக்கூடாதுன்னு அவனுக்குத் தெரியும். மரத்துக்கு ஒரே ஒரு புத்திதான் புதுசா சொல்லிக்கொடுத்தா: நடந்து முடிச்சதும் திரும்பிப் பாரு. உன் வழியில வராதவங்க யாராவது மிச்சம் இருக்காங்களான்னு பாரு. இருந்தா, அவங்களுக்கு மேல யாரும் இல்லன்னா, மேல யாரும் இல்லாதவங்களை எங்க நிறுத்துவியோ அங்கயே நிறுத்து. உனக்கு வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு பார்க்காத.

என்டர்.

பேரெல்லாம் ஓடிச்சு. தோட்டக்காரர் வந்தாரு. அதோட நிக்கல. அவருக்குக் கீழ சலவை ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க. கோடு இல்ல, கிளை இல்ல, உள்ள தள்ளல் இல்ல. இடது ஓரத்துல, திரையோட விளிம்புல, சுவத்துல முதுகு ஒட்டி நிக்கிற மாதிரி வரிசையா. ஆவி. அவருக்குக் கீழ மத்தவங்க. கடைசியா சித்தி.

கேபிள் வாயில பிஸ்கட்டோட எழுந்தே நின்னுட்டான். "அடியே, எம்.டி.க்கு நேரா நிக்கிறாங்கடி!"

"மேல யாரும் இல்லாதவங்க அங்கதான் நிக்கணும். அதுதான் விதி. நான் எழுதல, அது மரத்தோடது."

"உன்னைத் தொலைச்சிடுவாங்க."

"தொலைச்சா நானும் இங்கதான் வந்து நிப்பேன்." அவன் கையில இருந்த பாதி பிஸ்கட்டைப் பிடுங்கி வாயில போட்டா.

மதியம் மீட்டிங் ரூம்ல திரையை இறக்கியிருந்தாங்க. நீள மேஜை, ரெண்டு பக்கமும் தலைவருங்க, முனையில மேடம். நரைச்ச முடியைக் குட்டையா வெட்டி, கண்ணாடியைச் சங்கிலியில மாட்டிக் கழுத்துல தொங்கவிட்டிருக்குற அம்மா. பேச்சு கம்மி. மடிப்பு எழுந்து நின்னு புதுக் கட்டடத்தைப் பத்தி வழவழன்னு பேசினாரு, பேசி முடிச்சு சுண்டெலியைப் பார்த்துத் தலையசைச்சாரு. அவ உள்ளங்கையைப் பேன்ட்ல துடைச்சுக்கிட்டா. ஒரு நிமிஷம் சித்தி சொன்ன நாற்காலி ஞாபகத்துக்கு வந்துச்சு. சக்கரம் ஒண்ணு ஆடும் அதுல, ஆனாலும் அவளோடது. அப்புறம் 'மரம்'னு அடிச்சா.

பெரிய எழுத்து வெச்சிருந்தாங்க, ப்ரொஜெக்டருக்காக. அதனால சுவத்துல கொஞ்சம் வரிதான் கொள்ளும். மேடம் பேரு வந்த வேகத்துல கூரையைத் தாண்டிப் போச்சு. மடிப்பு பேரு போச்சு. சமையல் போச்சு. எல்லாரும் ஓடி முடிஞ்சு திரை நின்னப்ப, சுவரு பூராவும் நின்னது இடது ஓரத்து ஆளுங்கதான். மேல கொஞ்சூண்டு தோட்டம். சித்தி பேருக்குக் கீழ கர்சர்.

மேடம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டாங்க.

"இவங்கல்லாம் யாரு?"

"சின்னத் தப்பு மேடம்"னாரு மடிப்பு, சிரிப்பு மாறாம. "புரோகிராம்ல ஏதோ கோளாறு. பொண்ணு புதுசு. சரி பண்ணச் சொல்றேன்."

"சலவை ஆளுங்க மேடம்"னா சுண்டெலி. குரலு கிறீச்சுன்னு வந்துச்சு, நிஜ சுண்டெலி மாதிரியே. அவ நிறுத்தல. "கோளாறு காலை வரைக்கும் இருந்துச்சு. அப்ப இவங்க தெரியாம இருந்தாங்க. சார்கிட்ட சொன்னேன். அப்படியே இருக்கட்டும்னாரு. இப்ப கோளாறு இல்ல."

மேஜையில யாரோ இருமினாங்க.

"ஏன் இப்படி ஓரத்துல நிக்கிறாங்க?"ன்னாங்க மேடம். "கோடே இல்லாம?"

"அவங்களுக்கு மேல யாரும் இல்ல மேடம். போன வாரத்துல இருந்து."

மடிப்புக்கு முதல்தடவையா சிரிப்பு ஒரு ஓரத்துல கழண்டுச்சு. "அதை மூடும்மா"ன்னாரு. அவ கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. அவரே விறுவிறுன்னு வந்து குனிஞ்சு மேஜையில மவுஸைத் தேடினாரு. மவுஸ் இல்ல. சுண்டெலி மேஜையில என்னைக்கு இருந்துச்சு? கீபோர்டுல ஒரு பட்டனை அமுக்கினாரு. வெறும் கோடு ஒண்ணு வந்து நின்னுச்சு, பேருங்க போகல. ப்ரொஜெக்டர் கூரையில, கைக்கு எட்டாது. வேற வழி தெரியாம மனுஷன் திரைக்கு முன்னாடி போயி நின்னு, ரெண்டு கையையும் லேசா விரிச்சு, "நாம அடுத்த விஷயத்துக்குப் போகலாம் மேடம்"னாரு.

அவரு மறைச்ச பேருங்க மறையல. அவரு மேலயே விழுந்துச்சு. நேத்து சித்தி கையால தேய்ச்ச வெள்ளைச் சட்டை, ஒரு சுருக்கம் இல்ல, எழுத்து அவ்வளவு தெளிவா வந்துச்சு. தோள்ல ஆவி. நெஞ்சுல மத்தவங்க. அவரு நகர நகர, பேருங்க மடிப்புல ஏறி இறங்கிச்சு. வயித்துக்குக் கிட்ட சித்தி பேரு. அதுக்குக் கீழ கர்சர், கடைசிப் பட்டனுக்குப் பக்கத்துல, மினுக் மினுக்.

மேடம் முன்னாடி சாய்ஞ்சு, கண்ணாடியை மூக்குல ஏத்திவிட்டுக்கிட்டு, அந்தச் சட்டையைப் படிச்சுக்கிட்டிருந்தாங்க.

சுண்டெலி மடியில இருந்து கையை எடுத்தா. முதல்ல ஓட்டின கட்டளையைத் திரும்பக் கூப்பிடுற பட்டன், மேல பார்த்த அம்புக்குறி. அதை ஒரு தட்டு. அப்புறம் என்டர்.

பேருங்க மறுபடியும் அவரு இடுப்புல இருந்து கிளம்பி, சட்டை வழியா, கழுத்துப் பட்டியைத் தாண்டி, சரசரன்னு மேல ஏற ஆரம்பிச்சுச்சு.